இரண்டு கட்டையில் வீடு, ஏழு தட்டில் நடை

டோரியன் என்ற மோடில் (பழைய ஐரோப்பியச் சுர வரிசையில்), ஏழு தட்டுத் தாளத்தில் நான் போட்ட முதல் பாட்டை நண்பர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, காலால் நான்கு நான்காகத் தட்டியபடியே கேட்டார். முடிந்ததும், "சங்கராபரணம் நன்றாக வந்திருக்கிறது. நடுநடுவே தாளம்தான் தவறுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். டோரியனும் அவர் காதில் விழவில்லை, ஏழும் விழவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் ஒலிப்பதிவைக் கேட்டபோது எனக்கும் அது அப்படித்தான் கேட்டது. பழைய ஐரோப்பியத் தேவாலயங்களின் மோடுகளில், நான்குக்கும் மூன்றுக்கும் அடங்காத தாளங்களில் பாட்டு போட ஆசைப்படும் எவரும் முதலில் இந்த இரட்டைக் குழியில்தான் விழுவார்கள். இரண்டு குழிகளுக்கும் ஏணி ஒன்றுதான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அதை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கீபோர்டோ ஹார்மோனியமோ பக்கத்தில் இருந்தால் நல்லது.

வெள்ளைக் கட்டைகள் மட்டும்

நம் ஊர்ப் பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். 'சி' என்பது ஒரு கட்டை, 'டி' இரண்டு கட்டை. இப்படியே 'பி' வரை ஏழு. கறுப்புக் கட்டைகளெல்லாம் ஒன்றரை, இரண்டரை என்று போகும். இந்தக் கணக்கு மோடுகளை விளக்குவதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

கறுப்பை மறந்துவிடுங்கள். ஒரு கட்டையில் தொடங்கி, வெள்ளைக் கட்டைகளில் மட்டும் நடந்து, மேல் ஒரு கட்டையில் முடியுங்கள். இது மேற்கத்திய மேஜர் ஸ்கேல். பழைய பெயர் அயோனியன். இப்போது அதே ஏழு கட்டைகளை இரண்டு கட்டையில் தொடங்கி மேல் இரண்டு கட்டை வரை வாசியுங்கள். புதிதாக ஒரு கட்டையையும் தொடவில்லை. ஆனால் நிறம் மாறிவிட்டது. காரணம் இடைவெளிகள்தான். வெள்ளைக் கட்டைகளில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலும், ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவிலும் கறுப்பு கிடையாது. அங்கே மட்டும் அரைச்சுர இடைவெளி. ஒன்றிலிருந்து கிளம்பினால் அந்தக் குறுகிய இடங்கள் 'க-ம', 'நி-ச' என்று வரும். இரண்டிலிருந்து கிளம்பினால் அவையே 'ரி-க', 'த-நி' ஆகிவிடும். வீட்டை மாற்றினால் ஜன்னல் வழியே தெரியும் காட்சி மாறுவதுபோலத்தான். இந்த இரண்டு கட்டை வீட்டுக்குப் பெயர் டோரியன்.

கர்நாடக இசை கற்றவர்கள் இந்நேரம் புன்னகைத்திருப்பார்கள். இது கிரகபேதம், அதாவது வேறொரு சுரத்தை ச-வாக வைத்துப் பார்ப்பது. ஒரு கட்டையிலிருந்து வரிசையாக வீடு மாற்றிக்கொண்டே போனால் சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி, ஹரிகாம்போதி, நடபைரவி ஆகியவற்றின் சுரங்கள் கிடைக்கும். மேற்கில் அவற்றுக்கு அதே வரிசையில் அயோனியன், டோரியன், ஃப்ரிஜியன், லிடியன், மிக்ஸோலிடியன், ஏயோலியன் என்று பெயர். ஏழு கட்டையில் தொடங்கினால் கிடைப்பது லோக்ரியன். அதில் பஞ்சமம் இருக்க வேண்டிய இடத்தில் அரைச்சுரம் குறைந்த ஒன்று நிற்கும். பஞ்சமம் இல்லாததால் அது தாய் ராகப் பட்டியலான மேளகர்த்தாவில் சேராது. ஐரோப்பியரும் அதே காரணத்துக்காக அதைத் தள்ளிவைத்தார்கள். தொடக்கத்தில் நீங்களும் தள்ளிவையுங்கள்.

தமிழ் இசை நூல்கள் இந்த வேலையைப் பண்ணுப் பெயர்த்தல் என்றன. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் பேசும் ஏழ்பெரும்பாலைகளை இன்றைய ஆய்வாளர்கள் பலர் அடையாளம் காணும் முறையில் எடுத்துக்கொண்டால், ஐந்து கட்டையில் செம்பாலையைத் தொடங்கி வெள்ளையிலேயே நடக்கலாம்: ஆறில் படுமலைப்பாலை, ஏழில் செவ்வழி, ஒன்றில் அரும்பாலை, இரண்டில் கோடிப்பாலை, மூன்றில் விளரி, நான்கில் மேற்செம்பாலை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. டோரியனும் கரகரப்பிரியாவும் ஒன்றல்ல. சுரத்தானங்கள் ஒன்று, அவ்வளவுதான். சுரத்தை அசைத்துப் பாடும் கமகமும், ராகத்துக்கே உரிய சொற்றொடர்களான பிடிகளும், எந்தச் சுரத்தில் நிற்கலாம் எதை உரசிவிட்டு ஓடவேண்டும் என்ற ஒழுங்கும் சேர்ந்தால்தான் ராகம். தோடியின் காந்தாரத்தை அசையாமல் நேராகப் பிடித்தால் அது ஃப்ரிஜியன் ஆகலாம்; தோடி ஆகாது. மோட் அதைவிட எளிமையான பொருள். அதனால்தான் தொடக்கக்காரருக்கு அது கைக்கு அடங்குகிறது.

தேவாலயத்தில் பார் கிடையாது

மோடுகளுக்குத் தேவாலயப் பெயர் வந்தது, இடைக்கால ஐரோப்பாவில் இலத்தீன் வழிபாட்டுப் பாடல்களை வகைப்படுத்த அவை பயன்பட்டதால். அப்போது இருந்தவை எட்டு. பாட்டு எந்தச் சுரத்தில் முடிகிறது என்று பார்ப்பார்கள்; நம் கணக்கில் அது இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து கட்டைகளில் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வகை. முடிவுச் சுரத்துக்கு மேலே உலவும் பாட்டு ஒன்று, அதன் மேலும் கீழும் சுற்றும் பாட்டு இன்னொன்று. நான்கு இரண்டு எட்டு. ஒரு கட்டையும் ஆறு கட்டையும் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. 1547இல் ஹைன்ரிச் கிளாரியன் என்ற சுவிஸ் அறிஞர் தம் நூலில் அந்த இரண்டையும் அயோனியன், ஏயோலியன் என்று சேர்த்து மொத்தம் பன்னிரண்டு ஆக்கினார். பின்னால் வந்து சேர்ந்த இந்த இரண்டும்தான் மேஜர், மைனர் என்று வளர்ந்து, மற்ற எல்லாவற்றையும் சில நூற்றாண்டுகளுக்கு ஓரங்கட்டின. திண்ணையில் இடம் கேட்டவர் வீட்டையே எழுதி வாங்கிய கதை.

கிரேக்கப் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். இடைக்கால அறிஞர்கள் பழைய நூல்களிலிருந்து அவற்றை எடுத்துத் தவறான இடத்தில் ஒட்டிவிட்டார்கள். பண்டைய கிரேக்கர் டோரியன் என்று சொன்னது வேறொன்று.

இந்த மோடுகளில் பாடிய துறவிகளுக்கு டைம் சிக்னேச்சர் என்ற தாளக்குறியே தெரியாது. அவர்கள் பாட்டில் பார்க் கோடு, அதாவது ஒரு தாளச் சுற்றை (பாரை) அடுத்ததிலிருந்து பிரிக்கும் கோடு, கிடையாது. சொல் எங்கே போகிறதோ அங்கே சுரமும் போகும். அளவு பிரித்து எழுதும் பழக்கம் பின்னால், பல குரல்கள் ஒன்றாகப் பாட வேண்டியபோது வந்தது. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாகப் பிரியும் காலத்துக்கு முழு வட்டமும், இரண்டாகப் பிரியும் காலத்துக்கு உடைந்த வட்டமும் போட்டார்கள். மூன்று அவர்களுக்கு முழுமை, இரண்டு குறை. இன்று நான்கு தட்டுத் தாளத்தின் தொடக்கத்தில் 'சி' போன்ற ஒரு குறி நிற்குமே, அது எந்த ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தும் அல்ல. அந்த உடைந்த வட்டம்தான். உலகம் இன்று இயல்பான தாளம் என்று நினைப்பதை அவர்கள் ஓட்டை வட்டமாக வரைந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு குறும்பு மகிழ்ச்சி.

தாளமே இல்லாத பாட்டின் மோடுகளைத் தாளத்தில் கட்டுவது முரண் அல்லவா? பிரான்ஸில் சொலெம் என்ற இடத்தில் ஒரு மடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பழைய பாடல்களைச் சுவடிகளிலிருந்து மீட்டெடுத்தவர்கள் அந்த மடத்துத் துறவிகள். அவர்களில் ஒருவரான ஆந்த்ரே மொக்ரோ, இந்தப் பாடல்களின் ஓட்டம் இரண்டும் மூன்றுமான சிறு கூட்டங்கள் மாறிமாறி வருவதால் உண்டாகிறது என்று கற்பித்தார். இடைக்காலத்தில் உண்மையிலேயே அப்படித்தான் பாடினார்களா என்று அறிஞர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். பாட்டு போடுபவருக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. ஒற்றைப்படைத் தாளங்கள் எல்லாம் இதே இரண்டாலும் மூன்றாலும்தான் ஆனவை. பிடித்துக்கொள்ள அது போதும்.

தகவும் தகிடவும்

தாளக்குறியில் மேலே இருக்கும் எண், ஒரு பாரில் எத்தனை தட்டு என்று சொல்லும். கீழே இருப்பது, எந்த அளவுள்ள சுரத்தை ஒரு தட்டாக எண்ணுகிறோம் என்பது. 4/4 என்றால் கால் சுரங்கள் நான்கு. 7/8 என்றால் அரைக்கால் சுரங்கள் ஏழு. ஆனால் இந்தப் பின்னம் முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகிறது: ஏழு எப்படிப் பிரிகிறது?

ஏழை யாரும் ஏழாக உணர்வதில்லை. உடல் அறிந்தது இரண்டும் மூன்றும்தான், அதாவது தகவும் தகிடவும். பல்கேரியாவின் ரச்செனித்சா நடனத்தில் ஏழு 'தக தக தகிட' என்று போகும். கிரேக்கர்களின் கலமத்தியானோஸ் நடனத்தில் 'தகிட தக தக'. இந்தக் கிரேக்க நடையைத் தொடையில் தட்டிப் பாருங்கள். நம் மிஸ்ர சாப்பு அது. 'தகிட தகதிமி'. ஏழு ஒன்றுதான், நடை இரண்டு. அந்த ஊர்க்காரர்கள் ஏழு வரை எண்ணிக்கொண்டு ஆடுவதில்லை. பல்கேரியக் கால்கள் குட்டை, குட்டை, நெட்டை என்று போகின்றன. இவ்வகைத் தாளங்களுக்கு இசை ஆய்வாளர்கள் அக்சக் என்ற துருக்கிச் சொல்லை வைத்திருக்கிறார்கள். பொருள், நொண்டி. நம்மிடமும் நொண்டிச்சிந்து என்ற பெயர் உண்டு. அது வேறு சங்கதி, பெயர்ப் பொருத்தம் மட்டும் பிடித்திருக்கிறது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்த்தோக் தம் பியானோப் பாடத் தொகுப்பின் கடைசியில் பல்கேரியத் தாளத்தில் ஆறு நடனங்கள் எழுதி வைத்தார். பியானோ கற்பவர்கள் இன்றும் அவற்றில் தடுக்கி விழுந்து எழுகிறார்கள்.

ஆகவே 'வழக்கமில்லாத தாளம்' என்பது யார் வீட்டில் உட்கார்ந்து சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. தியாகராஜரின் 'நிதி சால சுகமா' கல்யாணியில், மிஸ்ர சாப்பில். 'பக்கல நிலபடி' கரகரப்பிரியாவில், மிஸ்ர சாப்பில். மேற்கத்தியப் பாடப்புத்தக மொழியில் சொன்னால் முதலாவது லிடியனில் ஏழு தட்டு, இரண்டாவது டோரியனில் ஏழு தட்டு. அப்படிச் சொல்வது கொஞ்சம் அபச்சாரம்தான், மேலே தந்த எச்சரிக்கையை இங்கேயும் பொருத்திக்கொள்ளுங்கள். 1847இல் மறைந்தவர் அவர்.

மேற்கில், பொதுமக்கள் காதில் இந்த இரண்டு கதவுகளும் ஒரே ஆண்டில் அகலத் திறந்தன. 1959 மார்ச்சில் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 'ஸோ வாட்' பதிவு செய்தார். அதில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) அடிக்கடி மாறும் வழக்கமான ஜாஸ் ஓட்டம் இல்லை. இரண்டு கட்டை டோரியனில் 16 பார், அரைச்சுரம் ஏற்றி இரண்டரைக் கட்டை டோரியனில் 8 பார், மறுபடி இரண்டு கட்டைக்கு வந்து 8 பார். அவ்வளவே. அதே ஆண்டு ஜூலையில் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு 'டேக் ஃபைவ்' பதிவு செய்தது. குழுவின் சாக்ஸஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் எழுதியது. ஐந்து தட்டு, மூன்றும் இரண்டுமாக. நம் கண்ட சாப்பு இரண்டும் மூன்றும், இது தலைகீழ். இரண்டு பதிவுகளும் நியூயார்க்கில் 30ஆம் தெருவில் இருந்த கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தவை. அந்தக் கூடம் முன்பு ஒரு தேவாலயம். இசைக்கலைஞர்கள் அதைத் 'தேவாலயம்' என்றே அழைத்தார்கள்.

ஒரு பாட்டைப் போட்டுப் பார்ப்போம்

மோட் டோரியன், வீடு இரண்டு கட்டை, தாளம் 7/8, நடை 'தகிட தகதிமி'.

முதலில் இடது கை. இரண்டு கட்டையையும் ஆறு கட்டையையும், அதாவது ச-வையும் ப-வையும், சுருதிப்பெட்டிபோல அழுத்திவையுங்கள். அல்லது ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் ஒருமுறை, நான்காம் தட்டில் ஒருமுறை. இது அலங்காரம் அல்ல. வெள்ளைக் கட்டைகளில் திரியும் காது ஒரு கட்டைக்கு ஓடிவிடத் துடித்துக்கொண்டே இருக்கும். பல நூறு ஆண்டு மேஜர் ஸ்கேல் பழக்கம் அது. அதை ஒவ்வொரு பாரின் வாசலிலும் கையைப் பிடித்து, 'வீடு இது' என்று காட்ட வேண்டியிருக்கிறது. அதே தட்டு காலுக்கும் பதில் சொல்கிறது: ஏழு இங்கேதான் தொடங்குகிறது. நான் முன்னால் சொன்ன ஏணி இதுதான். வீட்டுச் சுரம் முதல் தட்டில் விழுந்தால் மோடும் தாளமும் ஒன்றையொன்று காவல் காக்கும். என் முதல் பாட்டில் வீட்டுச் சுரம் கண்ட கண்ட தட்டில் விழுந்தது. அதனால் இரண்டும் ஒன்றாகவே தொலைந்தன.

அடுத்து கார்டுகள். இரண்டே போதும். இரண்டு கட்டை மைனர் (2, 4, 6), ஐந்து கட்டை மேஜர் (5, 7, 2). இந்த இரண்டாவது கார்டில்தான் டோரியனின் அடையாளம் ஒளிந்திருக்கிறது: ஏழு கட்டை, அதாவது சதுஸ்ருதி தைவதம். அதை அரைச்சுரம் இறக்கி ஆறரைக் கட்டையில் வைத்தால் பாட்டு ஏயோலியனாகி, சாதாரண மைனர் சோகத்தில் விழுந்துவிடும். மூன்றாவதாக ஒரு கட்டை மேஜர் கார்டைச் சேர்க்கும் ஆசை வரும், கை தானாகவே போகும். சேர்த்த மறுகணம் இரண்டு, ஐந்து, ஒன்று என்ற புகழ்பெற்ற வரிசை உருவாகி, கேட்பவர் சங்கராபரண வீட்டில் செருப்பைக் கழற்றிவிடுவார். என் நண்பருக்கு நேர்ந்தது இதுதான்.

இனி சொல். மூன்றும் நான்குமான எழுத்துக் கூட்டங்கள் வேண்டும். தமிழில் அதற்குப் பஞ்சமே இல்லை. அருணகிரிநாதர் திருப்புகழில் சொல்லின் சந்தத்தைக் கொண்டே தாளத்தைக் கட்டிக் காட்டியிருக்கிறார். நம் தேவைக்கு ஒரு விளையாட்டு வரி:

இரவு வருகிற
தெருவில் ஒருகுடை
மழையில் நனைந்தது
விளக்கு சிரித்தது

ஒற்றெழுத்துகளை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் மூன்று, நான்கு. கவிதையாக இது எங்கும் போட்டிக்குப் போகாது, ஆனால் ஏழில் தானாக உட்காருகிறது. இப்போது சுரம், ச என்பது இரண்டு கட்டை என்று வைத்து:

ப ம க / ரி க ரி ச
த ப ம / ப த ப ம
நி த ப / ம ப ம க
த ம ரி / க ரி நி ச

கடைசி வரியின் நி மட்டும் கீழ்ஸ்தாயி. முதல் வரிக்கும் மூன்றாவது வரிக்கும் இரண்டு கட்டை மைனர், இரண்டாவதுக்கு ஐந்து கட்டை மேஜர். நான்காவது வரியில் தகிடவுக்கு ஐந்து கட்டை, தகதிமிக்கு இரண்டு கட்டை. கார்டும் நடையின் மடிப்பிலேயே மாறுகிறது. ஐந்தாவதாக ஒரு பாரைப் பாட்டில்லாமல் விடுங்கள். ஏழாம் தட்டில் குரல் தொட்ட ச-வை, அந்தப் பாரின் முதல் தட்டில் இடது கை வாங்கிக்கொள்ளும்.

த எங்கே வருகிறது என்று கவனித்தீர்களா? இரண்டாம் வரியிலும் நான்காம் வரியிலும் முதல் தட்டிலேயே. மோடின் அடையாளச் சுரத்தை நடையின் எடை விழும் இடத்தில் வைத்திருக்கிறோம். அதையே இரண்டாம் தட்டிலோ ஆறாம் தட்டிலோ ஒளித்துவைத்தால் சுரம் இருக்கும், டோரியன் இருக்காது. ஆனால் இதையே எப்போதும் செய்தால் பாட்டு ராணுவ அணிவகுப்பாகிவிடும். மூன்றாம் வரியில் த போகிற போக்கில் மட்டும் வருகிறது. அந்தத் தளர்வு வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிரேக்க நடையைப் பல்கேரிய நடையாக மாற்ற வேண்டும், 'தக தக தகிட' வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு வரியையே புதிதாக எழுதவேண்டியிருக்கும். தமிழில் சொற்களை இடம் மாற்றினால் முடிந்தது:

வருகிற இரவு
ஒருகுடை தெருவில்
நனைந்தது மழையில்
சிரித்தது விளக்கு

நான்கு, மூன்று. வினைமுற்று முன்னால் வந்தாலும் நம் மொழி முகம் சுளிப்பதில்லை. பல்லவியை முதல் வடிவத்திலும், சரணத்தை இரண்டாவது வடிவத்திலும் பாடிப் பாருங்கள். தாளக்குறி மாறவில்லை, கார்டு மாறவில்லை; பாட்டு மட்டும் மறுகாலில் நொண்டத் தொடங்கும்.

மற்ற வீடுகள்

லிடியனுக்கு வீடு நான்கு கட்டை, அடையாளம் பிரதி மத்தியமமான ஏழு கட்டை. இடைக்காலப் பாடகர்களே அதைப் பலமுறை அரைச்சுரம் இறக்கிப் பாடிவிடுவார்கள். நான்கு கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் உள்ள தூரம் அவர்கள் காதைக் குத்தியது. இறக்கினால் அது அயோனியன், கதை முடிந்தது. பேத்தோவன் 1825இல், பெரும் நோயிலிருந்து தேறியபின் எழுதிய ஒரு நால்வர் இசையில், நன்றி சொல்லும் மெதுவான பகுதியை லிடியனில் அமைப்பதாகத் தலைப்பிலேயே எழுதிவைத்து, அந்தச் சுரத்தை இறக்காமல் காத்தார். நீங்கள் தொடங்க எளிய வழி, ஐந்து தட்டு. தகிடவுக்கு நான்கு கட்டை மேஜர், தகவுக்கு ஐந்து கட்டை மேஜர். ஏழு கட்டை நான்காம் தட்டில் கார்டோடு சேர்ந்தே வந்து இறங்கும்.

ஃப்ரிஜியனுக்கு மூன்று கட்டை வீடு. அடையாளம், வீட்டை உரசிக்கொண்டு நிற்கும் சுத்த ரிஷபம். அது மேலிருந்து ச-வில் இறங்கும்போது வரும் கனம் வேறு எதிலும் கிடையாது. இந்த மோடும் சமமற்ற தாளமும் பல தலைமுறைகளாக ஒன்றாக வாழும் இடத்தைக் கேட்க வேண்டுமென்றால் தென் ஸ்பெயினின் ஃபிளமென்கோவைக் கேளுங்கள். சோலெயா என்ற வகையில் 12 தட்டுச் சுழற்சி. எடை 3, 6, 8, 10, 12 ஆகிய தட்டுகளில் விழும். அதாவது தகிட தகிட தக தக தக. ஆனால் அவர்கள் வீட்டுக் கார்டை மைனராக வைக்காமல் மேஜராக்கிவிடுவார்கள். அந்த ஒரு சுரத்துக்காகக் கறுப்புக் கட்டைக்குப் போக வேண்டும்.

மிக்ஸோலிடியன் தொல்லை தராத பிள்ளை. ஐந்து கட்டை மேஜர், நான்கு கட்டை மேஜர், இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தால் போதும். ஏயோலியனைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, நீங்கள் கேட்ட சோகப் பாட்டுகளில் நிறைய அதுதான்.

பயிற்சியில் எல்லோரும் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை ஏழு தட்டுக்கும் அடிக்கவிட்டு, விரலால் எண்ணிக்கொண்டு பாடுவார்கள். எண்ணும் வாய் பாடாது. நடையின் தலைகளில் மட்டும் ஒலிக்கும்படி வைத்துவிட்டு, அந்த ஒலிக்கு அறையில் நடந்து பாருங்கள். நீண்ட அடி, குட்டை அடி, குட்டை அடி. பத்து நிமிடத்தில் கால் கற்றுக்கொள்ளும். இன்னொன்று மூச்சு. பாடகர் வரியின் முடிவில் மூச்சு வாங்கும்போது ஏழு எட்டாகிவிடும், அவருக்கே தெரியாது. மூச்சுக்கு இடத்தைப் பாருக்குள்ளேயே விடுங்கள். 'சிரித்தது' என்பதை 'சிரித்த' என்று சுருக்கிவிட்டு ஏழாம் தட்டைக் காலியாக வைத்தாலும் சரி, இலக்கணம் சற்றுப் பொறுத்துக்கொள்ளும்.

முடிவுக்கு மட்டும் சுருக்கமோ காலி இடமோ வேண்டாம். இடைக்காலப் பாடகர்கள் ஒரு பாட்டின் மோடைக் கண்டுபிடிக்க முதலில் பார்த்தது அதன் கடைசிச் சுரத்தை. அதற்கு ஃபினாலிஸ் என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். நம் பாட்டில் அது ஏழாம் தட்டில் வரும் ச. கடைசி முறை பாடும்போது ஐந்தாவது பாரை வாசிக்காதீர்கள். குரலும் கார்டும் அந்த ச-வில் சேர்ந்து நிற்கட்டும். கை எட்டாவது தட்டைத் தேடும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.